எந்த ஆர்துர் ஜோர்ஜ்? ஒரு போர்ச்சுக்கீசியப் பயிற்சியாளரும் அவர் பார்த்த இரண்டு வேலைகளும்

2024-ம் ஆண்டில் ஆர்துர் ஜோர்ஜ் என்ற பெயர் கால்பந்துச் செய்திகளில் இரண்டு முறை பெரிதாக அடிபட்டது. பிப்ரவரி 22 அன்று, ஐரோப்பியக் கோப்பையை வென்ற முதல் போர்ச்சுக்கீசியப் பயிற்சியாளர் ஆர்துர் ஜோர்ஜ் 78 வயதில் காலமானார். அதே ஆண்டு நவம்பர் 30 அன்று பியூனஸ் அயர்ஸில் பிரேசிலின் பொட்டாஃபோகோ அணி அத்லெட்டிகோ மினெய்ரோவை 3–1 என வீழ்த்தி, தென்னமெரிக்காவின் லிபெர்த்தடோரஸ் கோப்பையை வாங்கியது. அந்த அணியின் பயிற்சியாளரும் போர்ச்சுக்கீசியர். அவர் பெயரும் ஆர்துர் ஜோர்ஜ். இரண்டு செய்திகளையும் பக்கத்தில் வைத்துப் படிக்கிறவருக்குத் தலை சுற்றத்தான் செய்யும்.

முதலில் இந்த முடிச்சை அவிழ்த்துவிடலாம்.

1. மூத்தவர் 1946 பிப்ரவரி 13 அன்று போர்ட்டோ நகரில் பிறந்தவர். முழுப்பெயர் ஆர்துர் ஜோர்ஜ் பிராகா மெலோ டெய்ஷெய்ரா. கோல் அடிக்கும் முன்கள வீரர், அதாவது ஸ்டிரைக்கர். 1987-ல் போர்ட்டோ கழகத்துக்கு ஐரோப்பியக் கோப்பையை வாங்கித் தந்தவர்.

2. இளையவர் 1972-ல் பிராகா நகரில் பிறந்தவர். ஆடிய காலத்தில் கோலைத் தடுக்கும் பின்கள வீரர். பிரேசிலுக்குப் போவதற்கு முன் பிராகா கழகத்தின் பயிற்சியாளராக இருந்து, 2024 ஜனவரியில் போர்ச்சுகல் லீக் கோப்பையை வென்றவர்.

மூத்தவரின் பெயருக்குள் பிராகா இருக்கிறது, ஆனால் அவர் அந்த ஊர்க்காரர் இல்லை. இளையவர் அந்த ஊர்க்காரர். அவசரத்தில் தேடினால் ஏமாறுவதற்கு இதைவிட நல்ல ஏற்பாடு வேண்டாம்.

இனி வருவதெல்லாம் மூத்தவரைப் பற்றி. அவர் விஷயத்தில் பெயரைத் தாண்டிய இன்னொரு குழப்பமும் உண்டு. போர்ட்டோ ரசிகருக்கு அவர் ‘ரெய் ஆர்துர்’, அதாவது ஆர்தர் அரசர். பென்ஃபிகா ரசிகரிடம் கேட்டால் நல்ல அணியைக் கலைத்தவர் என்பார். சுவிட்சர்லாந்தில் அவர் பெயரை எடுத்தால் 1996 கோடைக்காலம்தான் பேச்சில் வரும். ஒரே ஆள், ஒரே மீசை, ஒரே பத்தாண்டு இடைவெளி. தீர்ப்புகள் மட்டும் ஏன் இப்படி முட்டிக்கொள்கின்றன?

## தமிழில் ஒரு சொல், அங்கே இரண்டு

போர்ச்சுகலில் கழக அணியை நடத்துகிறவரை ‘டிரெய்னடோர்’ என்பார்கள். பயிற்றுவிப்பவர் என்று பொருள். (வீரர்கள் நேரில் அழைக்கும்போது ‘மிஸ்டர்’ என்று கூப்பிடுவது அந்நாட்டு வழக்கம்.) தேசிய அணியை நடத்துகிறவருக்கு வேறு பெயர்: ‘செலெசியோனடோர்’. தேர்வு செய்பவர் என்று பொருள். நாம் இருவரையும் ‘பயிற்சியாளர்’ என்றே எழுதிவிடுகிறோம். வேலைகள் இரண்டும் வேறு வேறு.

டிரெய்னடோரிடம் ஏறத்தாழ இருபத்தைந்து பேர் சீசன் முழுக்க இருப்பார்கள். இன்று சரியாக வராத ஒரு நகர்வை நாளைக் காலைப் பயிற்சியில் திருத்தலாம், மறுநாளும் திருத்தலாம். செலெசியோனடோருக்கு அந்த வசதி இல்லை. ஆட்டத்துக்குச் சில நாள் முன்புதான் வீரர்கள் கைக்கு வருவார்கள். முடிந்ததும் அவரவர் கழகத்துக்குப் போய்விடுவார்கள். அவருடைய பெரிய ஆயுதம் பட்டியல்தான்: யார் உள்ளே, யார் வெளியே.

இந்தியக் கிரிக்கெட்டில் அணியைத் தேர்வு செய்யத் தனிக் குழு இருக்கிறது, பயிற்சிக்குத் தனி ஆள் இருக்கிறார். திட்டு விழுந்தால் இருவரும் பகிர்ந்துகொள்ளலாம். கால்பந்தில் இரண்டும் ஒரே தலையில் விழும்.

ஆர்துர் ஜோர்ஜின் பெரிய வெற்றிகள் எல்லாம் முதல் வேலையில் வந்தவை. பெரிய சறுக்கல்கள் பெரும்பாலும் இரண்டாவது வேலையில். சறுக்கல்களில் ஒன்று மட்டும் கழகத்தில் இருந்துகொண்டே தேர்வாளரைப் போல நடந்துகொண்டதால் வந்தது. வரிசையாகப் பார்க்கலாம்.

## கோல் அடித்த மாணவர்

பதின்பருவத்தில் சொந்த ஊரின் போர்ட்டோ கழகத்தில் தொடங்கினார். ஒரு சீசன்தான், சில ஆட்டங்களே கிடைத்தன. 1965-ல் கோயிம்ப்ராவுக்குப் போனார். அங்கேதான் ஆளும் உருவானார், ஆட்டமும் உருவானது.

கோயிம்ப்ரா பழம்பெரும் பல்கலைக்கழக நகரம். அதன் கழகமான அகாடெமிகா மாணவர் சங்கத்திலிருந்து பிறந்தது. கருப்புச் சட்டை அணிந்து ஆடுவார்கள். வீரர்களில் பலர் நிஜமாகவே மாணவர்கள். அன்றைக்குப் போர்ச்சுகலில் சர்வாதிகார ஆட்சி. அப்படிப்பட்ட ஓர் அணி 1966–67 லீக்கில் இரண்டாம் இடம் பிடித்தது என்பது சாதாரணச் செய்தி அல்ல. ஆர்துர் ஜோர்ஜ் அங்கே ஜெர்மானிய மொழியியல் படித்தபடியே கோல்களைக் குவித்தார்.

1969 ஏப்ரலில் கோயிம்ப்ரா மாணவர்கள் அரசுக்கு எதிராகக் கிளர்ந்தார்கள். அந்த ஜூனில் அகாடெமிகா போர்ச்சுகல் கோப்பையின் இறுதி ஆட்டத்துக்கு வந்தபோது லிஸ்பன் அருகே உள்ள தேசிய மைதானத்தின் காலரி போராட்டப் பதாகைகளால் நிறைந்தது. ஆட்டம் தொலைக்காட்சியில் வரவில்லை; குடியரசுத் தலைவரும் வரவில்லை. கூடுதல் நேரத்தில் பென்ஃபிகா 2–1 என வென்றது. அந்தக் கோடையில் ஆர்துர் ஜோர்ஜ் பென்ஃபிகாவுக்கே போய்ச் சேர்ந்தார்.

பென்ஃபிகாவில் போர்ச்சுகலின் மாபெரும் நட்சத்திரமான யூசேபியோ இருந்தார். அவர் பக்கத்தில் நின்று கோல் அடிப்பது ஒரு வகையில் சுலபம், இன்னொரு வகையில் கொடுமை. எவ்வளவு அடித்தாலும் பேச்சு அவரைப் பற்றித்தான் இருக்கும். அப்படியிருந்தும் 1970–71-ல் 23 கோல், 1971–72-ல் 27 கோல் என்று தொடர்ந்து இரண்டு ஆண்டுகள் லீக்கில் அதிகக் கோல் அடித்தவர் ஆர்துர் ஜோர்ஜ்தான். பென்ஃபிகாவில் இருந்த ஆறு ஆண்டுகளில் நான்கு லீக் பட்டங்கள். 1972–73-ல் அந்த அணி லீக்கில் ஓர் ஆட்டம்கூடத் தோற்கவில்லை. தேசிய அணிக்கு மட்டும் அவர் அதிகம் ஆடவில்லை. மொத்தம் 16 ஆட்டங்கள்.

கோல் எண்ணிக்கையைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. 1972-ல் தொழில்முறை கால்பந்து வீரர்களுக்கான சங்கம் தொடங்கப்பட்டபோது அதை நிறுவி முன்னின்று நடத்தியவர்களில் அவரும் ஒருவர். சர்வாதிகாரம் வீழ 1974 ஏப்ரல் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதற்கு இரண்டு ஆண்டு முன்பு சங்கம் வைப்பது துணிச்சலான காரியம். ஒப்பந்தம் முடிந்த பிறகும் வீரரைக் கழகம் பிடித்து வைத்துக்கொள்ளலாம் என்றிருந்த காலம் அது. முதலாளியோடு சட்டம் பேசுகிற ஸ்டிரைக்கர், கவிதை எழுதுகிற ஸ்டிரைக்கர் (1983-ல் ஒரு கவிதைத் தொகுப்பே வெளியிட்டார்), ஓவியங்களைச் சேகரிக்கிற ஸ்டிரைக்கர். கழக அலுவலகங்களில் இப்படிப்பட்டவரை மரியாதையோடும் சற்று எச்சரிக்கையோடும்தான் பார்த்திருப்பார்கள்.

பெலெனென்செஸ் கழகத்தில் ஆட்டக் காலம் முடிந்ததும் கிழக்கு ஜெர்மனியின் லைப்ட்ஸிக் நகருக்குப் போய்ப் பயிற்சி முறைகளைப் படித்தார். நேற்று ஆடியவர் இன்று பயிற்சியாளர் என்று நாற்காலி மாறுவதுதான் அன்றைய நடைமுறை. அதற்காக நாடு விட்டு நாடு போய்ப் பாடம் படித்தவர்கள் குறைவு. ஜெர்மன் மொழி தெரிந்திருந்தது கைகொடுத்தது.

## போர்ட்டோ: இன்னொருவர் போட்ட அஸ்திவாரம்

போர்ச்சுகல் கால்பந்து நெடுங்காலம் லிஸ்பனின் சொத்து. பென்ஃபிகா, ஸ்போர்ட்டிங் இரண்டும் தலைநகர்க் கழகங்கள். வடக்கே இருக்கும் போர்ட்டோ 1959-க்குப் பிறகு 19 ஆண்டுகள் லீக் பட்டமே பார்க்கவில்லை. அந்த வறட்சியை 1978-ல் முடித்தவர் ஜொஸே மரியா பெட்ரோட்டோ என்ற பயிற்சியாளர். ஆர்துர் ஜோர்ஜ் தொழில் பழகியது இவரிடம்தான். விட்டோரியா கிமராய்ஸ் கழகத்தில் பெட்ரோட்டோவின் உதவியாளராக இருந்தார்.

1984-ல் பெட்ரோட்டோ நோயில் படுத்துவிட்டார். கழகத் தலைவர் பிண்டோ ட கோஸ்டா, ஆர்துர் ஜோர்ஜை அழைத்தார். 1985 ஜனவரியில் பெட்ரோட்டோ இறந்தபோது அவருடைய அணி சீடரின் கையில் இருந்தது.

தொடக்கம் அவமானத்தில் அமைந்தது. கோப்பை வென்றவர்கள் கோப்பைப் போட்டியின் (ஒவ்வொரு நாட்டிலும் உள்நாட்டுக் கோப்பையை வென்ற கழகங்களுக்கான ஐரோப்பியப் போட்டி) முதல் சுற்றில் ரெக்ஸ்ஹாம் என்ற வேல்ஸ் நாட்டுக் கழகத்திடம் போர்ட்டோ வெளியேறியது. இப்போது ஹாலிவுட் நடிகர்கள் வாங்கியதால் உலகமே அறிந்த கழகம். அன்று இங்கிலாந்து லீக்கின் நான்காம் பிரிவில் இருந்தது. அடுத்த ஆண்டு ஐரோப்பியக் கோப்பையில் பார்சலோனாவிடம் வெளியேற்றம். இரண்டு தோல்விகளும் ஒரே விதியால் வந்தவை. அந்த விதி இப்போது இல்லை என்பதால் சற்று விளக்க வேண்டும்.

1. அன்றைய ஐரோப்பியப் போட்டிகளில் குழுச் சுற்று கிடையாது. இரண்டு அணிகளும் ஒருவர் மைதானத்தில் ஒரு முறை, மற்றவர் மைதானத்தில் ஒரு முறை ஆடும். இரண்டு ஆட்டங்களின் கோல்களையும் கூட்டிப் பார்ப்பார்கள்.

2. கூட்டுத்தொகை சமமாக இருந்தால், எதிரியின் மைதானத்தில் அதிகக் கோல் அடித்த அணி வென்றதாகக் கொள்ளப்படும். இதுவே வெளியூர் கோல் விதி. ஐரோப்பியக் கழகப் போட்டிகளில் 2021-ல்தான் இது நீக்கப்பட்டது.

3. ரெக்ஸ்ஹாமில் 0–1, சொந்த ஊரில் 4–3. கூட்டுத்தொகை 4–4. ரெக்ஸ்ஹாம் போர்ட்டோவில் மூன்று கோல் அடித்துவிட்டதே, அதுதான் வில்லங்கம்.

4. பார்சலோனாவில் 0–2, சொந்த ஊரில் 3–1. கூட்டுத்தொகை 3–3. பார்சலோனா போர்ட்டோவில் அடித்த அந்த ஒரு கோல் போதுமாக இருந்தது. போர்ட்டோவின் மூன்று கோல்களையும் அடித்தவர் ஜுவாரி என்ற பிரேசில்காரர். இந்தப் பெயர் திரும்ப வரும்.

நான்கு ஆட்டங்களில் இரண்டை வென்றிருந்தும் ஊர் திரும்ப வேண்டியிருந்தது என்றால் பழுது தாக்குதலில் இல்லை. சொந்த மைதானத்தில் கதவைத் திறந்து போட்டுவிட்டு ஆடுவதில்தான் பழுது. இதற்கிடையே உள்நாட்டில் 1984–85, 1985–86 என இரண்டு லீக் பட்டங்களும் வந்தன. பயிற்சியாளரை மாற்றச் சொல்லி யாரும் கேட்கவில்லை. அவருக்கு இன்னும் ஓர் ஆண்டு கிடைத்தது.

1986–87 ஐரோப்பியக் கோப்பையில் (இன்றைய சாம்பியன்ஸ் லீக்கின் முன்னோடி, நாட்டுக்கு ஒரு சாம்பியன் மட்டுமே ஆடுவார்) போர்ட்டோ கடந்து வந்த அணிகள் மால்டாவின் ரபாட் அஜாக்ஸ், செக்கோஸ்லோவாக்கியாவின் விட்கோவிட்ஸே, டென்மார்க்கின் பிரோண்ட்பி, அரையிறுதியில் டைனமோ கீவ். எல்லோரும் இறுதி ஆட்டத்தைப் பற்றியே பேசுகிறார்கள். பயிற்சியாளரின் கைவண்ணத்தைப் பார்க்க வேண்டுமானால் நான் கீவ் ஆட்டங்களையே காட்டுவேன். அன்று சோவியத் தேசிய அணியின் பெரும்பகுதி டைனமோ கீவ்தான். முந்தைய ஆண்டு கோப்பை வென்றவர்கள் கோப்பையை வென்ற அணி. 1986-ல் ஐரோப்பாவின் சிறந்த வீரரான பெலனோவ் அதில் இருந்தார். அந்த அணியை உள்ளூரில் 2–1, வெளியூரில் 2–1 என இரண்டு முறையும் போர்ட்டோ வென்றது. ரெக்ஸ்ஹாமிடம் நாலு அடித்து மூணு வாங்கிய அணி மூன்றே ஆண்டில் இந்த நிலைக்கு வந்தது. தினசரித் திருத்தம் என்று மேலே சொன்னது இதைத்தான்.

## வியன்னா, 1987 மே 27

இறுதி ஆட்டம் ஜெர்மனியின் பயர்ன் மியூனிக்குடன். சில நாள் முன்பு பயிற்சியில் போர்ட்டோவின் தலையாய ஸ்டிரைக்கர் ஃபெர்னாண்டோ கோமெஸின் கால் முறிந்துவிட்டது. இரண்டு முறை ஐரோப்பாவிலேயே அதிக கோல் அடித்ததற்கான தங்கக் காலணி வாங்கியவர் அவர். ஸ்டிரைக்கராக வாழ்ந்த பயிற்சியாளர் தன் ஸ்டிரைக்கர் இல்லாமல் இறுதி ஆட்டத்துக்குப் போக வேண்டிய நிலை.

25-வது நிமிடத்தில் கோகல் தலையால் முட்டி பயர்னை முன்னிலைப்படுத்தினார். இடைவேளையில் ஆர்துர் ஜோர்ஜ் நடுக்கள வீரர் கிம்மை வெளியே எடுத்து ஜுவாரியை இறக்கினார். பின்தங்கியிருக்கும் அணி நடுக்களத்தில் ஓர் ஆளைக் குறைத்து முன்னே ஓர் ஆளைக் கூட்டினால் எதிரிக்குப் பந்து சுலபமாகக் கிடைத்துவிடும் அபாயம் உண்டு. ஆனால் இடப்பக்கம் 21 வயது பாவ்லோ ஃபுட்ரே தொடர்ந்து ஓடிக் களைக்க வைத்துக்கொண்டிருந்ததால் பயர்னின் பின்களம் ஏற வழியில்லாமல் நின்றது.

77-வது நிமிடம். ஜுவாரி கோல் முகத்தின் குறுக்கே தள்ளிய பந்தை, கோலுக்கு முதுகைக் காட்டி நின்ற அல்ஜீரிய வீரர் ரபா மாஜேர் குதிகாலால் தட்டி உள்ளே அனுப்பினார். பிரெஞ்சு மொழியில் இன்றும் குதிகால் கோலுக்கு ‘மாஜேர்’ என்றே பெயர். அடுத்த சில நிமிடங்களுக்குள் மாஜேர் இடப்பக்கமிருந்து தூக்கிப் போட, ஜுவாரி உள்ளே அடித்தார். 2–1. கோலும் கொடுக்கல் வாங்கலும் அந்த இருவருக்குள்ளேயே முடிந்துவிட்டது.

1961, 1962-ல் பென்ஃபிகா இதே கோப்பையை வென்றிருந்தாலும் அப்போது பயிற்சியாளர் ஹங்கேரிக்காரரான பேலா குட்மான். சொந்த நாட்டுப் பயிற்சியாளர் ஒருவர் இதைச் செய்தது அதுவே முதல் முறை. அதன் பிறகு செய்தவர் ஒருவர்தான்: 2004-ல் ஜொஸே மொரீனியோ, அதுவும் போர்ட்டோவுடன்.

## பாரிஸ்: இரண்டாவது மூன்றாண்டு

வியன்னா முடிந்த கையோடு பாரிஸின் மாத்ரா ரேசிங் கழகத்துக்குப் போனார். பெரும் தொழிலதிபர் ஒருவரின் பணம், நட்சத்திர வீரர்கள், காலியான காலரி. அது சரிப்படவில்லை. 1989-ல் போர்ட்டோவுக்குத் திரும்பி ஒரு லீக் பட்டமும் ஒரு கோப்பையும் வென்றார்.

1991-ல் கட்டணத் தொலைக்காட்சி நிறுவனமான கனால் பிளஸ், பாரிஸ் செயின்ட் ஜெர்மைன் கழகத்தைக் கையிலெடுத்தது. இன்று கத்தார் பணத்தால் அறியப்படும் கழகம் அப்போது ஒரே ஒரு முறை லீக் வென்றிருந்தது. புதிய முதலாளிகள் ஆர்துர் ஜோர்ஜை அழைத்தார்கள். அவர் இருந்த மூன்று சீசன்கள் இப்படி:

1. 1991–92: லீக்கில் மூன்றாம் இடம்.

2. 1992–93: பிரெஞ்சுக் கோப்பை, இறுதி ஆட்டத்தில் நான்த் அணியை 3–0 என வென்று. லீக்கில் இரண்டாம் இடம். யுஇஎஃப்ஏ கோப்பையில் (ஐரோப்பியக் கழகங்களுக்கான இன்னொரு போட்டி) அரையிறுதி வரை.

3. 1993–94: லீக் பட்டம். கோப்பை வென்றவர்கள் கோப்பையின் அரையிறுதியில் ஆர்செனலிடம் தோல்வி.

இரண்டாவது சீசனில் ஒரு வேடிக்கை உண்டு. முதலிடம் பெற்ற மார்செய் கழகம் ஆட்டத்தை விலைக்கு வாங்கியதாக நிரூபணமாகி, அதன் பட்டம் பறிக்கப்பட்டது. இரண்டாம் இடத்தில் இருந்த பாரிஸுக்கு அது போயிருக்கலாம். கனால் பிளஸ் விரும்பவில்லை: தெற்கே மார்செய் ரசிகர்கள் கோபத்தில் சந்தாவை நிறுத்திவிட்டால் என்ன செய்வது? 1993-க்கான சாம்பியன் கட்டம் இன்றும் காலியாகவே இருக்கிறது. ஆர்துர் ஜோர்ஜின் கோப்பைக் கணக்கில் ஒன்று குறைவதற்குக் காரணம் கால்பந்து அல்ல, மாதச் சந்தா.

அதே ஆண்டு மார்ச் 18-ல் ரியல் மாட்ரிட்டுடன் நடந்த யுஇஎஃப்ஏ கோப்பைக் காலிறுதியின் இரண்டாவது ஆட்டம் இன்னமும் பாரிஸில் பேசப்படுகிறது. முதல் ஆட்டம் மாட்ரிட்டில் 1–3. பாரிஸில் வேயா, ஜினோலா, வால்டோ அடித்து 3–0 ஆனது. ஆட்டம் முடியும் தறுவாயில் சமோரானோ ஒன்று திருப்ப, கூட்டுத்தொகை 4–4. எல்லோரும் கூடுதல் நேரத்துக்குத் தயாரானபோது, காய நேரத்தில் (ஆட்டத்தில் வீணான நேரத்துக்கு ஈடாக 90 நிமிடத்துக்குப் பின் சேர்க்கப்படும் நிமிடங்கள்), 96-வது நிமிடத்தில் பின்கள வீரர் கொம்புவாரே தலையால் முட்டி உள்ளே அனுப்பினார்.

இவ்வளவு இருந்தும் பாரிஸில் அவர் கொண்டாடப்படவில்லை. ஆட்டம் அலுப்பூட்டுகிறது, முதலில் தற்காப்பு, பிறகுதான் மற்றதெல்லாம் என்று புலம்பல். ஸ்டிரைக்கராக இருந்தவர் ஏன் இப்படி ஆட வைக்கிறார் என்று கேட்டவர்கள் ரெக்ஸ்ஹாமை மறந்துவிட்டார்கள். லீக் பட்டத்தோடு வழியனுப்பப்பட்டு, அவர் இடத்துக்கு லூயி ஃபெர்னாண்டஸ் வந்தார்.

அவருடைய நீண்ட பயிற்சியாளர் வாழ்க்கையில் ஒரே இடத்தில் மூன்று முழு சீசன்கள் இருந்தது இரண்டே முறை: போர்ட்டோ 1984–87, பாரிஸ் 1991–94. உச்சங்களும் அந்த இரண்டுதான்.

## பென்ஃபிகா: கழகத்தில் ஒரு தேர்வாளர்

1994 மே மாதம் பென்ஃபிகா, ஸ்போர்ட்டிங்கின் மைதானத்திலேயே 6–3 என வென்று லீக் பட்டத்தைக் கிட்டத்தட்ட உறுதிசெய்தது. பயிற்சியாளர் டோனி. சில வாரங்களில் டோனி வெளியேற்றப்பட்டு, ஆர்துர் ஜோர்ஜ் வந்தார். டோனியும் இவரும் 1970களில் ஒரே அணியில் ஆடியவர்கள். வீரர் சங்கத்தைத் தொடங்கியதிலும் கூட்டாளிகள்.

வந்தவர் சாம்பியன் அணியைப் பெருமளவு மாற்றினார். பலர் போனார்கள், பலர் வந்தார்கள். விளைவு: லீக்கில் மூன்றாம் இடம், சாம்பியன்ஸ் லீக் காலிறுதியில் மிலானிடம் தோல்வி. அடுத்த சீசனின் தொடக்கத்திலேயே அவர் பதவி போனது. பென்ஃபிகா மீண்டும் லீக் வென்றது 2005-ல். 11 ஆண்டு வறட்சி.

அத்தனை ஆண்டுப் பழியையும் ஒருவர் தலையில் கட்டுவது நியாயமில்லை. கழகத்தின் பணநிலையும் நிர்வாகமும் அப்போதே ஆட்டம் கண்டிருந்தன. அவர் போன பிறகு வந்த எத்தனையோ பேராலும் நிமிர்த்த முடியவில்லை. ஆனால் முதல் கல்லை உருவியது அவர்தான் என்பதையும் மறுக்க முடியாது. போர்ட்டோவில் பெட்ரோட்டோவின் அணியை அவர் கலைக்கவில்லை. இருந்ததை எடுத்துச் செப்பனிட்டார். பென்ஃபிகாவில் பட்டியலைத் திருத்தினால் ஆட்டம் திருந்தும் என்று நம்பினார்.

## செலெசியோனடோர் நாற்காலி

சுவிட்சர்லாந்து, 1996. ராய் ஹாட்சன் என்ற ஆங்கிலேயர் சுவிஸ் அணியை 1994 உலகக் கோப்பைக்கும் முதன்முறையாக ஐரோப்பியச் சாம்பியன்ஷிப்புக்கும் தகுதி பெற வைத்துவிட்டுப் போனார். தகுதி வாங்கித் தந்தவர் ஒருவர், போட்டிக்கு அழைத்துப் போக வேண்டியவர் ஆர்துர் ஜோர்ஜ். அவர் அறிவித்த பட்டியலில் அட்ரியன் க்னுப், அலைன் சுட்டர் இருவரும் இல்லை. நாட்டின் இரண்டு செல்ல நட்சத்திரங்கள். பத்திரிகைகள் கொதித்தன. இங்கிலாந்துடன் வெம்பிளியில் 1–1 எனச் சமன் செய்தது கௌரவமான தொடக்கம். பிறகு நெதர்லாந்திடம் 0–2, ஸ்காட்லாந்திடம் 0–1. குழுவில் கடைசி. அந்த இருவர் இருந்திருந்தால் வென்றிருப்பார்களா என்பது யாராலும் நிரூபிக்க முடியாத வாதம். தேர்வாளரின் சாபமே இதுதான்: எடுக்காத வீரர் ஒருபோதும் மோசமாக ஆடுவதில்லை.

போர்ச்சுகல், 1996–97. அடுத்து சொந்த நாடு. முன்பும் 1990களின் தொடக்கத்தில் சிறிது காலம் தேசிய அணியைப் பார்த்திருக்கிறார். இம்முறை கையில் ஃபிகோ, ருய் கோஸ்டா போன்ற நட்சத்திரங்களின் தலைமுறை. இலக்கு 1998 உலகக் கோப்பை. 1997 மார்ச்சில், அணியில் சேர்க்கப்படாத ஸ்டிரைக்கர் ரிக்கார்டோ சா பிண்டோ பயிற்சி மைதானத்துக்கே வந்து அவரைத் தாக்கினார். சா பிண்டோவுக்கு ஓராண்டுத் தடை. அந்த சா பிண்டோவும் பிற்பாடு பயிற்சியாளராகி, ஸ்போர்ட்டிங் முதல் ஈரானின் எஸ்தெக்லால் வரை பல அணிகளை நடத்தி, தானும் பட்டியல் போடுகிறவர் ஆனார்.

தகுதிச் சுற்றின் தலைவிதி செப்டம்பர் 6 அன்று பெர்லினில் முடிவானது. எப்படி என்று படிப்படியாகப் பார்த்தால்தான் புரியும்.

1. பெட்ரோ பார்போசாவின் கோலால் ஜெர்மனியை எதிர்த்துப் போர்ச்சுகல் 1–0 முன்னிலை.

2. ருய் கோஸ்டாவுக்குப் பதில் செர்ஜியோ கொன்செய்சாவோவை இறக்க முடிவு. ருய் கோஸ்டா மெதுவாக நடந்து வெளியேறினார்.

3. பிரெஞ்சு நடுவர் மார்க் பட்டா, நேரத்தை வீணடிக்கிறார் என்று மஞ்சள் அட்டை காட்டினார். அது இரண்டாவது மஞ்சள், ஆகவே சிவப்பு.

4. வெளியேற்றப்பட்டவருக்குப் பதில் ஆள் இறக்க விதியில் இடமில்லை. மாற்று வீரர் கோட்டருகே நின்றபடியே இருக்க, போர்ச்சுகல் பத்துப் பேரானது.

5. சில நிமிடங்களில் கிர்ஸ்டன் சமன் செய்தார். 1–1.

குழுவின் இறுதிக் கணக்கு: ஜெர்மனி 22, உக்ரைன் 20, போர்ச்சுகல் 19. பெர்லினில் வென்றிருந்தால் போர்ச்சுகலுக்கு 21. உக்ரைனைத் தாண்டி இரண்டாம் இடமும் அடுத்த சுற்றும் கிடைத்திருக்கும். ரசிகர்கள் இன்றும் பட்டாவைத் திட்டுகிறார்கள். எனக்கு ஓராண்டு முன்பு ஆர்மீனியாவில் முடிந்த 0–0 தான் கண்ணில் நிற்கிறது. அங்கே தவறவிட்ட இரண்டு புள்ளிகள் போதும்; பெர்லின் நடந்தபடியே நடந்திருந்தாலும் 21 வந்திருக்கும்.

கேமரூன், 2004–06. கதை திரும்பவும் அதே ஒற்றைப் புள்ளி. 2005 அக்டோபர் 8, கேமரூன் தலைநகர் யவுண்டே. உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றின் கடைசி ஆட்டம். எகிப்துடன் 1–1. காய நேரத்தில் கேமரூனுக்குப் பெனால்டி. பியர் வோமே அடித்த பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பியது. ஐவரி கோஸ்ட் 22 புள்ளிகளுடன் உலகக் கோப்பைக்குப் போக, கேமரூன் 21-ல் நின்றது. நான்கு மாதம் கழித்து ஆப்பிரிக்கக் கோப்பைக் காலிறுதியில் அதே ஐவரி கோஸ்ட்டிடம் பெனால்டி அடிப்பில் 11–12 என்று தோல்வி. கடைசியில் தவறவிட்டவர் கேமரூனின் நட்சத்திர ஸ்டிரைக்கர் எட்டோ.

கம்பத்தில் பட்ட பந்துக்குப் பயிற்சியாளர் பொறுப்பா என்று கேட்கலாம். இல்லைதான். ஆனால் ஒற்றைப் பந்தில் எல்லாம் தீரும்படி கணக்கைக் கடைசிவரை இழுத்து வந்தது பொறுப்பில் அடங்கும். வீரர்களோடு தினமும் இருந்தால் அவரால் அதைத் திருத்த முடிந்திருக்கும் என்று நம்ப 1984–87 இடம் தருகிறது. தேசிய அணிக்கு அந்த நாட்கள் கிடையாது.

## இடையில் போன ஊர்கள்

இவற்றுக்கு நடுவே ஸ்பெயினின் டெனெரிஃபே, நெதர்லாந்தின் வித்தெஸ்ஸே, மீண்டும் பாரிஸ் (சில மாதங்கள்), சவூதியின் அல் நஸ்ர், அல் ஹிலால், ஒரு முறை பழைய அகாடெமிகா, 2003-ன் முடிவில் மாஸ்கோவின் சிஎஸ்கேஏ. எங்கும் வேர்விடவில்லை. சிஎஸ்கேஏ 2004-ல் அவரை அனுப்பிவிட்டுப் பழைய பயிற்சியாளர் கஸ்ஸாயெவைத் திரும்ப அழைத்தது; அடுத்த ஆண்டே யுஇஎஃப்ஏ கோப்பையையும் வென்றது. இறுதி ஆட்டம் நடந்த ஊர் லிஸ்பன், தோற்றது ஸ்போர்ட்டிங்.

பிரான்சின் கிரெத்தேய் கழகத்தோடு 2007-ல் நிறுத்திக்கொண்டவர், ஏழு ஆண்டு இடைவெளிக்குப் பிறகு 2014-ல் இன்னும் ஒரு வேலையை ஏற்றார். அழைத்தது எம்சி அல்ஜேர். 68 வயதில், தினமும் காலையில் பயிற்சிக்கு வரும் ஒரு கழக அணி, மாஜேரின் நாட்டில்.